டெல்டாவிலிருந்து டிசம்பர் திரைப்பட விழாவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து, சம்பா தொண்டைக்கதிரில் நிற்கும் நேரத்தில் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள். “அண்ணே, மெட்ராஸ்ல ஃபிலிம் ஃபெஸ்டிவல் நடக்குதாமே, நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களா?”

விடுவார்கள். பணம் கட்டிப் பெயர் பதிந்தால் யாரையும் விடுவார்கள். சினிமாக்காரராக இருக்க வேண்டாம், சிபாரிசு வேண்டாம், ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டாம். இது தெரியாமலே பல வருடம் போகாமல் இருந்தவன் நான். அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எந்த விழா, என்ன விழா

சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003இல் தொடங்கியது. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. வழக்கமாக டிசம்பர் நடுவில் ஒரு வாரம். பல நாட்டுப் படங்கள், இந்திய மொழிப் படங்கள், அவற்றோடு தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு போட்டிப் பிரிவும் உண்டு. நட்சத்திர இரவு போல மேடை, ஆட்டம் பாட்டம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொடக்க நாளும் நிறைவு நாளும் மேடை இருக்கும். நடுவில் இருக்கிற நாட்களெல்லாம் காலையிலிருந்து இரவு வரை படம், படம், படம்தான்.

திரையரங்குகள் வருடத்துக்கு வருடம் மாறும். ராயப்பேட்டை சத்யம், அண்ணா சாலையில் தேவி, அண்ணா, இப்படிப் பல இடங்களில் நடந்திருக்கிறது. நல்ல வேளையாக இவை எல்லாமே ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரம், அல்லது ஒரு பேருந்து தூரம்.

இந்தியாவிலேயே பழைய விழா, 1952இல் தொடங்கிய இந்திய சர்வதேசத் திரைப்பட விழா. 2004லிருந்து அது கோவாவில், நவம்பரில் நடக்கிறது. கேரளத்தின் விழா 1996இல் தொடங்கியது, நடப்பது திருவனந்தபுரத்தில், பெரும்பாலும் டிசம்பரில். கேரள விழாவின் கூட்டத்தையும் அங்கே நடக்கிற விவாதத்தையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் முதல்முறை சென்னைக்கே போங்கள். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும், கையைக் கடிக்காது, அவசரம் என்றால் ஒரு ராத்திரியில் வீடு திரும்பலாம்.

நாள் குறிப்பது, கிளம்புவது

தேதி பெரும்பாலும் டிசம்பர் இரண்டாவது வாரத்தை ஒட்டியே வரும். ஆனால் உறுதி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது விழா 2016 ஜனவரி 6ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. கொரோனா காலத்தில் 2020க்கான விழா 2021 பிப்ரவரியில்தான் நடந்தது. 2016இன் அந்த ஜனவரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம், வயலில் அறுவடைக்கு ஆள் சொல்லிவிட்டு, டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். விவசாயக் குடும்பமாக இருந்தால் ஒன்றை முதலிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்: அந்த வாரம் தண்ணீர் பார்ப்பது யார், பூச்சி விழுந்தால் மருந்தடிப்பது யார். மாணவர்கள் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். வாரம் முழுக்க முடியாவிட்டால் நான்கு நாள் போதும். வியாழன் போய் ஞாயிறு இரவு திரும்புவது நல்ல கணக்கு.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விழாத் தேதி அறிவிக்கும்போது ரயிலில் இடம் இருக்காது. ஆகவே அக்டோபரிலேயே உத்தேசமாக ஒரு டிக்கெட் எடுத்துவையுங்கள், தேதி மாறினால் ரத்துசெய்துகொள்ளலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு இரவில் உழவன், பகலில் சோழன். மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ். எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடக்கிறது, சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவார்கள். கிளம்பும் அன்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். கோயம்பேடு என்று பழைய ஆட்கள் சொன்னால் நம்பாதீர்கள், 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கதை மாறிவிட்டது. கிளாம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வந்து மின்சார ரயில் பிடித்துக் கிண்டியில் இறங்குங்கள். அங்கே மெட்ரோ மாறினால் ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம் மூன்று நிலையமும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும். விழா நடக்கும் இடங்களுக்கு இந்த மூன்றில் ஒன்று பக்கமாக இருக்கும்.

தங்குவதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். அறை சின்னதுதான், கொசு உண்டு, ஆனால் அண்ணா சாலைக்கு நடந்தே போகலாம், எந்த நேரத்திலும் இட்லி கிடைக்கும். பெண்கள் உறவினர் வீட்டில் தங்கினாலும் விடுதியில் தங்கினாலும் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. கடைசிக் காட்சி முடிய இரவு பத்தைத் தாண்டும், மெட்ரோ பதினொரு மணி வரை ஓடும். போன தடவை எங்கள் ஊரிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து போனார்கள். இரவுக் காட்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். அது நல்ல ஏற்பாடு, ஆண்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன், காரணம் கீழே வருகிறது.

பதிவு

விழாவுக்குத் தனித்தனி டிக்கெட் கிடையாது. வாரம் முழுமைக்கும் ஒரே கட்டணம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, கல்லூரி அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆதார் நகல், புகைப்படம் இரண்டும் கையில் இருக்கட்டும். விழாப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் விலக்குப் பெற்றுத் திரையிடப்படுபவை. அதனால்தான் பதிவு செய்தவர்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள், பொதுவாக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தம்பியையோ அக்கா பிள்ளையையோ கூடவே கூட்டிப்போய் வாசலில் தகராறு செய்ய வேண்டாம்.

எதைப் பார்ப்பது

இங்கேதான் முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிறோம்.

என் முதல் வருடத்தில் கட்டணம் கட்டிவிட்டோமே என்று ஒரு நாளைக்கு ஐந்து படம் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் ஐந்தும் பார்த்தேன். இரண்டாம் நாள் மூன்றாவது படத்தில் தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி மேன்ஷனில் படுத்துக்கொண்டு யோசித்தால், துருக்கிப் படத்தில் வந்த அப்பாவும் அர்ஜென்டினா படத்தில் வந்த அப்பாவும் ஒருவராகவே கலந்துபோயிருந்தார்கள். ஊருக்குத் திரும்பி நண்பர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு படம்கூட முழுசாக இல்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று, அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலமோ இரவோ ஒன்று. நடுவில் ஒன்றரை மணி நேரம் எங்கேயாவது உட்கார்ந்து, பார்த்ததை எழுத வேண்டும்.

அட்டவணை விழாவுக்குச் சில நாள் முன்புதான் வரும். வந்ததும் அச்செடுத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்ப்பது சரிப்படாது. முதலில் கேன், பெர்லின், வெனிஸ் விழாக்களில் பரிசு வாங்கியவற்றைக் குறியுங்கள். அவற்றுக்குத்தான் கூட்டம் வரும், முக்கால் மணி நேரம் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு முதலில் இருக்கை என்பதுதான் நடைமுறை. அப்படி ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் நின்று, எனக்கு நான்கு பேருக்கு முன்னால் அரங்கு நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் பக்கத்துத் திரையில் பெயரே கேள்விப்படாத ஒரு கிர்கிஸ்தான் படத்துக்குள் நுழைந்தேன். ஆடு மேய்க்கிற ஒரு கிழவரின் கதை. அந்த வருடம் நான் பார்த்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆகவே ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டாவதாக ஒரு படத்தையும் பென்சிலால் குறித்துவையுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிற படங்களில் இரண்டையாவது தேர்ந்தெடுங்கள். வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வங்கதேசம் என்று நெல் விளைகிற நாடுகளின் படங்களைப் பார்க்கும்போது, அவர்கள் வரப்பில் கேமராவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி நகரத்தில் பிறந்தவருக்குப் புரியாது. நாற்றங்காலில் நிற்கிற பெண்ணை இடுப்பு உயரத்திலிருந்து எடுத்திருக்கிறாரா, வரப்பின் மேலிருந்து எடுத்திருக்கிறாரா என்பதை நீங்கள் கவனிப்பீர்கள். அது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்ப் போட்டிப் பிரிவை, “எப்படியும் ஓடிடியில் வரும்” என்று விட்டுவிடாதீர்கள். காட்சி முடிந்ததும் இயக்குநரோ நடிகரோ வந்து பேசுவதுண்டு, கேள்வி கேட்கலாம். பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் அவர் முகத்துக்கு நேராக மரியாதையோடு சொல்லிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

சப்டைட்டில் பயம்

பெரும்பாலானோர் வெளியில் சொல்லத் தயங்குகிற விஷயம் இது. படங்களுக்குக் கீழே ஓடுவது ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து வந்தவனுக்கு அது ஓடுகிற வேகத்தில் பாதி போய்விடும். எனக்கும் போனது. ஒரு படம் முடிந்து வெளியே வந்து, சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் தப்பான படம் பார்த்துவிட்டேனோ என்று சுவரோரமாக நின்றேன்.

இதற்கு மூன்று வழி. முதலாவது, அன்றைக்குப் பார்க்கப்போகிற மூன்று படங்களின் கதைச் சுருக்கத்தை முதல்நாள் இரவே படித்துவிடுங்கள். கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது நம் ஊர்ப் படங்களுக்கு இருக்கலாம். இங்கே கதை சின்னதாகத்தான் இருக்கும், அதை எப்படிச் சொல்கிறார் என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். இரண்டாவது, எல்லா வரியையும் படிக்க முயலாதீர்கள். வினைச்சொல்லைப் பிடியுங்கள், முகத்தைப் பாருங்கள். ஒரு தாய் மகனை “போ” என்று சொல்கிறாளா, “போகாதே” என்று சொல்கிறாளா என்பதை முகமே சொல்லிவிடும். மூன்றாவது, பேச்சுக் குறைந்த படங்களாக முதல் நாளுக்குத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் நாளில் கண் தானாகவே மேலேயும் கீழேயும் போய்வரக் கற்றுக்கொண்டுவிடும். நான் சொல்வதை நம்புங்கள், இது பழக்கம்தான்.

அரங்குக்குள் நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். முன்வரிசையில் எழுத்துக்கும் படத்துக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கும்.

வரிசையில் கிடைப்பது

வரிசையில் நிற்பதை வீண்நேரம் என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றார். துணிப்பை, பழைய குடை.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மன்னார்குடிப் பக்கமுங்க ஐயா.”

“அட, எனக்குத் திருவிடைமருதூர். ரிட்டயர்டு ஆயி இருபது வருஷமாச்சு. ஃபிலிம் சொசைட்டி படமெல்லாம் எழுபதுகள்லேருந்து பாத்துட்டு வர்றேன்.”

அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் சொன்னதிலிருந்து நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை ஏராளம். கல்கத்தாவில் 1947இல் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலியவர்கள் ஒரு திரைப்படச் சங்கம், அதாவது ஃபிலிம் சொசைட்டி, தொடங்கினார்கள். 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சென்னையிலும் அந்தச் சங்கங்கள் இருந்தன. நம் கும்பகோணத்துப் பக்கம் உடையாளூர்க்காரரான வெங்கட் சாமிநாதன், வேலைக்காக வடக்கே போய் டெல்லியில் பல நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர். இலக்கிய விமர்சகராகப் பெயரெடுத்த அவர் திரைக்கதை எழுதி, ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. உடையாளூர் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அங்கிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று வரிசையில் நின்றுகொண்டு கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னும் பின்னால் போனால், தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சினிமா காட்டுவதைத் தொடங்கிவைத்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பினார். பாலசந்தர் பிறந்தது நன்னிலம் பக்கம். பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். சினிமா சென்னையின் சொத்து, நாம் விருந்தாளி என்கிற கூச்சத்தோடு போக வேண்டியதில்லை.

ஒரு காலை நேரம் அண்ணா சாலைக்கு

நான்கு நாளில் ஒரு காலைக் காட்சியை விட்டுவிட்டு நடங்கள். அண்ணா சாலை அஞ்சலகத்தை ஒட்டி, தபால்தலைப் பிரிவு இயங்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் 1913இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர். அடுத்த வருடம் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இப்போது இல்லை. 1964இல் வந்த சஃபையர், 1961இல் வந்த சாந்தி இரண்டும் போய்விட்டன. 1970இல் திறந்த தேவி நிற்கிறது. அசோக் நகரில் 1983லிருந்து ஓடிய உதயம் 2024இல் மூடப்பட்டது. சத்யம் 1974லிருந்து இருக்கிறது, 2018இல் பிவிஆர் கைக்குப் போனது.

நேரமும் தெம்பும் இருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய சினிமா பாட்டுப் புத்தகங்களும் விளம்பரங்களும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். விழா இல்லாத மாதங்களில் சென்னைக்குப் போக நேர்ந்தால், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், கோதே நிறுவனமான மாக்ஸ்முல்லர் பவன், ரஷ்யக் கலாசார மையம் ஆகியவற்றில் அவ்வப்போது இலவசத் திரையிடல் இருக்கும்.

வழக்கமான படத்துக்குப் போனால், பெரிய மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் 190 ரூபாயை ஒட்டி வரும். சோளப்பொரிக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை உள்ளே விடமாட்டார்கள்.

விருதுச் செய்தியை எப்படிப் படிப்பது

விழாவுக்குப் போய்வந்ததும் உங்களுக்குள் ஒரு மாற்றம் வரும். “விருது பெற்ற படம்” என்று போஸ்டரில் பார்த்தால், எந்த விருது என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். எல்லா விருதும் ஒன்றில்லை.

தேசியத் திரைப்பட விருதுகள் 1954லிருந்து வழங்கப்படுகின்றன. அரசு ஆண்டுதோறும் ஒரு நடுவர் குழுவை அமைக்கும். அந்த ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களைத் தயாரிப்பாளர் தாமே விண்ணப்பித்து அனுப்ப வேண்டும். இதைக் கவனியுங்கள்: அனுப்பாத படம் பட்டியலிலேயே இருக்காது. “இவ்வளவு நல்ல படத்துக்குக் கொடுக்கவில்லையே” என்று கோபப்படும் முன் அது போட்டியில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். இந்த விருதுகளில் சிறந்த திரைப்பட விமர்சகருக்கும் ஒரு விருது உண்டு. 2005ஆம் ஆண்டுக்கான விருதைப் பரத்வாஜ் ரங்கனும், 2016ஆம் ஆண்டுக்கானதை கோ. தனஞ்செயனும் பெற்றார்கள். சென்னையிலிருந்து எழுதியவர்களுக்கு நாட்டின் விமர்சக விருது என்பது நமக்குப் பெருமைதான்.

தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள் 1967இல் தொடங்கியவை. 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கான விருதுகள் 2017இல்தான் அறிவிக்கப்பட்டன, 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுக்கப்பட்டன. அதற்குள் ஒரு நடிகரின் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பியிருக்கும். விருதுக்கும் காலம் முக்கியம் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன். புதிதாக வந்த ஒளிப்பதிவாளருக்கு அந்த வருடமே கிடைக்கிற விருது அடுத்த படத்தை வாங்கித்தரும். பத்து வருடம் கழித்து வந்தால் அலமாரிக்குத்தான் உதவும்.

அடுத்தது விமர்சகர்கள் தருகிற விருதுகள். உலக அளவில் பழையவற்றில் ஒன்று, சர்வதேசத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பான ஃபிப்ரெஸி. 1930இல் தொடங்கியது. கேன், வெனிஸ் போன்ற விழாக்களுக்குத் தன் நடுவர்களை அனுப்பித் தனியாகப் பரிசு கொடுக்கும். கேரள விழாவிலும் அந்தப் பரிசு உண்டு. விழாவின் பெரிய பரிசும் இந்தப் பரிசும் பெரும்பாலும் வேறு வேறு படத்துக்குப் போவதைப் பார்க்கலாம். என் அனுபவத்தில், அட்டவணையில் ஃபிப்ரெஸி பெயர் போட்ட படம் என்னை ஏமாற்றியது குறைவு. இந்தியாவில் விமர்சகர்கள் ஒன்றுசேர்ந்து ஃபிலிம் கிரிட்டிக்ஸ் கில்டு என்று வைத்து, பல மொழிப் படங்களுக்கும் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் விருதுகளை 2019லிருந்து முழுநீளப் படங்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஆனந்த விகடன் மதிப்பெண். அறுபதைத் தொட்டால் அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் அப்பா சைக்கிளை எடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது.

தொலைக்காட்சி நடத்துகிற விருது விழாக்களில் ரசிகர் வாக்கும், வருவேன் என்று ஒப்புக்கொண்ட நட்சத்திரமும் சேர்ந்துகொள்கிற இடங்கள் உண்டு. அதைக் கொண்டாட்டமாகப் பாருங்கள், படத்தைத் தேர்ந்தெடுக்க அதை வைத்துக்கொள்ள வேண்டாம். யார் கொடுத்தது, எத்தனை படங்களிலிருந்து எடுத்தது, எந்த வருடத்துப் படம் என்ற மூன்றும் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நோட்டுப் புத்தகம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பத்து வரி. கதையை எழுதாதீர்கள், அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நீங்கள் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை எழுதுங்கள். முதல் காட்சியில் என்ன இருந்தது? இசை எங்கே நின்றது? எந்த இடத்தில் மனம் வெளியே போனது? பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்திலிருந்து? “செம”, “மொக்கை” என்ற இரண்டு சொல்லையும் நோட்டுக்குள் விடாதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாடு என்னை மாற்றிய அளவுக்கு வேறு எதுவும் மாற்றவில்லை.

மணல்மேடு பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரியைப் பற்றியும் கலைகளைப் பற்றியும் எழுதிய நடையைப் பாருங்கள். பெரிய வித்வானாக இருந்தாலும் குறையைச் சொன்னார், படிக்கிறவர் முகம் சுளிக்காமல் சொன்னார். நமக்கு அந்த வழி புதிது இல்லை.

விமர்சனம் வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது நீதிமன்றம் வரை போகிற கேள்வி. படம் வெளியான முதல் மூன்று நாளுக்குச் சமூக ஊடகத்தில் விமர்சனம் வரக்கூடாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. போட்ட பணம் மூன்றே நாளில் போய்விடுமோ என்ற அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியதும் கத்துவது விமர்சனம் இல்லை என்பதும் சரிதான். ஆனால் அதற்கு மருந்து வாயை மூடுவது ஆகாது. பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறவர்கள் கூட வேண்டும். அதில் ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

ஊரில் ஒரு திரை

விழா முடிந்து திரும்பியதும் பேச ஆள் இல்லாமல் தவிப்பீர்கள். அதற்கு ஒரே வழி, ஊரிலேயே மாதம் ஒரு படம் போடுவது. தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் மாவட்டத் தலைநகரங்களில் உலகத் திரைப்பட விழாக்கள் நடத்தியிருக்கிறது. உங்கள் ஊரில் அவர்களோ வேறு இலக்கிய அமைப்போ இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், இடமும் ஒலிபெருக்கியும் பாதி கிடைத்துவிடும். தனியாகச் சங்கம் வைப்பதென்றால் ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதியலாம், பிறகு திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் உறுப்பினராகலாம்.

படத்தை எங்கேயாவது இறக்கிக் காட்டிவிடாதீர்கள். உரிமை வைத்திருப்பவரைக் கேளுங்கள். குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்கள் கேட்டாலே மகிழ்ச்சியோடு தருவார்கள், சிலர் நேரிலும் வருவார்கள். நம் சட்டத்தில் ஒரு படத்துக்கான பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டு. அதற்கு முந்தைய பழைய படம் என்றாலும், அந்தப் பிரதியை வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. தெருவிலோ திடலிலோ போடுவதென்றால் காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு புரொஜெக்டர் வாடகைக்கு, ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு ஒலிபெருக்கி, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர். மார்கழியில் வேண்டாம், பனிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து ஊரே ஓய்வாக இருக்கும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் ஒருவர் முன்னால் உட்கார்ந்து தமிழில் தணிவாகச் சொல்லிக்கொண்டே வரலாம். எங்கள் ஊரில் ஓர் ஆசிரியர் அப்படித்தான் செய்கிறார்.

படம் முடிந்ததும் உடனே டியூப்லைட்டைப் போடாதீர்கள். இரண்டு நிமிடம் விடுங்கள். அப்புறம் படித்தவர்களிடம் மைக்கைக் கொடுக்காமல், வழக்கமாகப் பேசாதவர்களிடம் முதலில் கேளுங்கள். நாங்கள் முதலில் போட்டது ஒரு ஈரானியப் படம். கருத்துச் சொல்ல யாரும் வராமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடவுக்குப் போகிற அத்தை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

“அந்தப் புள்ள ஓடுறப்ப செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பாட்டே போடல. அதான் பகீர்னு இருந்துச்சு.”

அன்றைக்குப் பேச்சு முடியப் பத்தரை மணி ஆனது.